மூன்று மணி எண்காரர்

குவைத்துக்கு ஏ.சி. மெக்கானிக்காகப் போன என் மச்சான், முதல் லீவுக்கு வந்தபோது தன் அக்காவுக்கு ஒரு மிக்ஸியும் எனக்கு ஒரு ரேடியோவும் கொண்டுவந்தான். மிக்ஸியின் பிளக் எங்கள் சுவரில் இருந்த பாயிண்டுக்குள் போகவில்லை. ரேடியோவுக்குப் பேட்டரி போதும். அதனால் ரேடியோ அன்றைக்கே பேச ஆரம்பித்துவிட்டது. மிக்ஸிக்கு ஆறு மாதம் ஆயிற்று. அந்த ஆறு மாதமும் என் மனைவி அந்த ரேடியோவைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அப்போது நான் ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் கிளார்க். காலை ஆறு மணிக்குப் போனால் மதியம் இரண்டுக்கு விட்டுவிடுவார்கள். சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடி ஓரத்து அறையில் ரேடியோவோடு உட்காருவேன். அதில் சிற்றலை மட்டும் ஏழு பேண்ட். முதலில் எல்லாரையும் போல வெளிநாடுகளின் தமிழ் ஒலிபரப்புகளைக் கேட்டேன். கடிதம் போட்டால் அவர்கள் வண்ண அட்டையும் காலண்டரும் அனுப்புவார்கள். ஒரு வருடத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் ஐந்து நாட்டுக் காலண்டர்கள் தொங்கின. ஒன்றில்கூட அமாவாசை இல்லை என்று மனைவி குறை சொன்னாள்.

காலண்டர் சலித்தபோதுதான் ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே உள்ள இடத்தைக் கேட்க ஆரம்பித்தேன். அங்கே வேறு ஒரு கூட்டம் இருந்தது. கொதிக்கும் எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி ஒரு சத்தம் நாள் முழுக்க வரும். இன்னோர் இடத்தில் ஒரே ஒரு ஊதல், நிமிடத்துக்கு இருபது தடவை. ஏதோ ஐரோப்பிய பாஷையில் ஒரு பெண் ஐந்து ஐந்தாக எண்களைப் படிப்பாள். வணக்கமும் கிடையாது, நன்றியும் கிடையாது. இவர்கள் யாருக்கும் பெயர் இல்லை. பாதிப் பேருக்கு லைசென்ஸும் இருந்திருக்காது. பெயர் சொல்லி, கடிதம் கேட்டு, காலண்டர் அனுப்பும் ஸ்டேஷன்களைவிட இவர்களிடம் எனக்கு மரியாதை அதிகமாயிற்று.

ஏரியலுக்காகச் செம்புக் கம்பி வாங்கத் திருப்பதிக்குப் போன இடத்தில்தான் என் கூட்டாளி கிடைத்தார். கடையில் மிச்சமிருந்த ஒரே சுருளை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிடித்தோம். "ஏமண்ணா, ஏரியலுக்கா?" என்றார். சித்தூர்க்காரர், ஒரு காலேஜில் இயற்பியல் லேப் அட்டெண்டர், குடியிருப்பது சந்திரகிரியில். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். கம்பியை இரண்டாக வெட்டிப் பங்கு போட்டுக்கொண்டோம். அடுத்த சனிக்கிழமையே ஒரு நீள நோட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அதன்பின் எந்தச் சனிக்கிழமையும் அவர் வராமல் இருந்ததில்லை.

கம்பியை மொட்டை மாடியில் கட்டினோம். என் மனைவி அதில் துணி காயப்போட்டாள். ஈரப் புடவை தொங்கும் நாளில் சில ஸ்டேஷன்கள் நன்றாக வருவதாகக் கூட்டாளி நோட்டில் எழுதிவைத்தார். எந்தப் புடவை என்றும் எழுதினார்.

இப்படி இருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு, நாற்பத்தொரு மீட்டர் பேண்டுக்குச் சற்றுக் கீழே, ஒரு ஆண் குரல் தமிழில் எண் படித்தது.

"பதினேழு. அறுபத்தி நாலு. எட்டு."

கையிலிருந்த டீ என் வேட்டியில் கொட்டியது. தமிழில் எண் படிக்கும் ஸ்டேஷனைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. குரல் நிதானமாக, அரை மணி நேரம் படித்தது. நடுநடுவே நிறுத்திவிட்டு ஏதாவது சொல்லும். "மேல் வரிசை போச்சு" என்றது ஒரு தடவை. கொஞ்ச நேரம் கழித்து, "நாலு மூலையும் முடிஞ்சுது." கடைசியில், "வீடு நிறைஞ்சுபோச்சு. வியாழக்கிழமை பாக்கலாம்." அவ்வளவுதான். பிறகு இரைச்சல்.

சனிக்கிழமை கூட்டாளி வந்து தன் காதாலேயே கேட்டார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணா, இதி மாமூலு விஷயம் இல்ல," என்றார். "வீடு நிறைஞ்சுபோச்சுன்னா ஏமி? குடோன் நிறைஞ்சுபோச்சு. குடோன்ல ஏமி வெப்பாங்க? சொல்லுங்க."

"மல்லாட்டைக் கடலை?" என்றேன்.

"ஆயுதம் அண்ணா, ஆயுதம்."

தமிழில் யாராவது ரகசியமாகப் பேசினாலே போலீஸ் விசாரிக்கிற வருடங்கள் அவை. ஆனாலும் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மூன்று மணிக்கு நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் குரல், பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி அத்தனை தெளிவாக வந்தது. மற்ற ஸ்டேஷன்களெல்லாம் கடல் தாண்டி வந்த களைப்போடு ஏறி இறங்கும். இது மட்டும் ஆடாமல் அசையாமல் நிற்கும். இவ்வளவு பலமாக வருகிறதென்றால் மிகப் பெரிய டிரான்ஸ்மிட்டர், மிகப் பெரிய தேசம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். அந்தத் தேசத்துக்காரன் எங்கள் பக்கத்துத் தமிழையே பேசியதும் எங்களுக்கு வியப்பாக இருந்தது. ஒருநாள், "இருங்க, மூக்குக்கண்ணாடி எங்க கீதுன்னு தெரியல," என்றது குரல். "என்ன டிரெய்னிங் அண்ணா! 'கீது'ன்னு கூட கத்துக்கினு இருக்கான்," என்றார் கூட்டாளி.

இன்னொரு நாள் ரேணிகுண்டா ஸ்டேஷனில் ஒரு இன்ஜின் ஊதியது. அந்தச் சத்தம் ஜன்னல் வழியாகவும் வந்தது, ரேடியோவுக்குள்ளிருந்தும் வந்தது. கூட்டாளி அதை நோட்டில் ஒரு முழுப் பக்கத்துக்கு விளக்கினார். சத்தம் மேலே போய், வான மண்டலத்தில் பட்டு, அந்த தேசத்துக்குப் போய், திரும்பி வருகிறதாம்.

எண்களை உடைப்பதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. தமிழ் எழுத்துகளுக்கு வரிசையாக எண் கொடுத்துப் பார்த்தார். "ஙொ, சௌ, ஞீ" என்று வந்தது. ரயில்வே டைம் டேபிளை வைத்துப் பார்த்தார். பிறகு தெலுங்கு எழுத்துகளுக்கு மாறினார். இரண்டு மாத உழைப்பில் பொருளோடு வந்தது ஒரே ஒரு சொல்: 'பப்பு'.

"பப்புன்னா பருப்பு தானே?" என்றேன்.

"பைக்கி, வெளிய பாக்க பருப்பு, அண்ணா. உள்ள மந்து. வெடி மருந்து."

அதோடு மேலிடத்துக்கு எழுதிவிடுவது என்று தீர்மானித்தோம். எந்த மேலிடம் என்று தெரியாததால் நான்கு மேலிடங்களுக்குக் கார்பன் வைத்து எழுத உட்கார்ந்தோம். ஒரு சனிக்கிழமை, "நாட்டுப்பற்றுள்ள இரு குடிமக்கள்" என்று ஆரம்பித்துக்கொண்டிருக்கும்போது, என் மனைவி பீன்ஸ் அரிய அந்த அறைக்கு வந்து உட்கார்ந்தாள். அங்கேதான் காற்று வரும். கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தாள். இரண்டு பக்கம் புரட்டினாள்.

"இதுல தொண்ணூறுக்கு மேல ஒரு நெம்பரு கூட காணோமே?"

"அவங்க கோட் புக்குல தொண்ணூறு பக்கம் தான் இருக்கும்," என்றேன்.

"ஒரு தபா வந்த நெம்பரு அன்னிக்கி மறுபடி வரவே இல்லியே?"

"அதி தான் மேடம் சீக்ரெட்டு," என்றார் கூட்டாளி.

"ஒரு சீக்ரெட்டும் இல்ல. தம்போலா."

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம். அவள் பீன்ஸ் நுனியைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்: "அரக்கோணத்துல எங்க சின்னம்மா ரெயில்வே குவாட்டர்ஸ்ல இருந்தாங்க இல்ல, அங்க லேடீஸ் எல்லாம் ஆடிக்கினு இருப்பாங்க. ஆளுக்கு ஒரு சீட்டு, சீட்டுல மூணு வரிசை, பதினைஞ்சு நெம்பரு. ஒருத்தர் பையில இருந்து வில்லை எடுத்து நெம்பரு சொல்லுவாங்க. உன் சீட்டுல இருந்தா அடிச்சிக்கணும். மேல் வரிசை போச்சுன்னா டாப் லைனு. நாலு மூலைன்னா நாலு மூலை தான், அதுல இன்னா கீது? வீடு நிறைஞ்சுபோச்சுன்னா ஃபுல் ஹவுசு."

கூட்டாளி எழுந்து போய்ப் பானையிலிருந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "அயிதே... அப்போ பப்பு?" என்றார்.

"வேணும்னா வெக்கிறேன், துன்னுட்டுப் போங்க," என்றாள்.

நான் நான்கு மேலிடத்துக் காகிதங்களையும் கிழித்தேன். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு என் மனைவி எனக்கு முன்னால் ரேடியோ எதிரில் உட்கார்ந்திருந்தாள். மச்சானின் ஏர்மெயில் கவருக்குப் பின்னால் கட்டம் போட்டு, அவளாகவே ஒரு சீட்டு தயார் செய்திருந்தாள். அந்த வாரமே நாலு மூலையும் அடித்துவிட்டாள். அடித்து என்ன? யாரிடம் சொல்வது?

"அந்த ஆளு எங்க கீறாருன்னு கண்டுபுடிங்க," என்றாள். "எனக்கு ஒரு நெஜ சீட்டு வேணும்."

"அது எந்த தேசமோ..."

"எந்த தேசமும் இல்ல. நேத்து அந்தாளு பேசும்போது பின்னால கோலமாவுக்காரன் கத்திக்கினு போனான். அவன் தான் அஞ்சு நிமிசத்துல நம்ம தெருவுக்கும் வந்தான்."

நாட்டுப்பற்றுள்ள இரு குடிமக்களும் இதைக் கவனித்திருக்கவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மூவரும் புறப்பட்டோம். ஏரியலை முழுக்க மடக்கிவிட்டால் பக்கத்தில் போகப் போகத்தான் சத்தம் கூடும், அதுதான் வழி. ரேடியோ என் கையில். மனைவி கையில் குடை. கூட்டாளி, யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாதென்று, கறுப்புக் கண்ணாடி போட்டுத் தலையில் துண்டு கட்டியிருந்தார். அதனால் தெருவில் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவரோ நடந்துகொண்டே எண்களை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். பழக்கம்.

கையில் ரேடியோவோடு ஒருவன் தெருவில் போனால் எங்கள் ஊரில் ஒரே ஒரு கேள்விதான் வரும்.

"ஸ்கோரு எந்தண்ணா?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

நான் வாய் திறப்பதற்குள் ரேடியோ, "எழுபத்தி ஆறு," என்றது.

"எத்தனை விக்கெட்டு?"

"மூணு," என்றது ரேடியோ.

அவர் திருப்தியாகிப் போய்விட்டார். ஆனால் இன்னும் நான்கு பேர் ஸ்கோருக்காகக் கூடவே வர ஆரம்பித்தார்கள். அடுத்த எண் பதினொன்று என்று வந்ததும் அவர்களுக்குள் சண்டை. எழுபத்தாறு எப்படிப் பதினொன்று ஆகும்? ஃபாலோ ஆன் என்று ஒருவர் விளக்கினார்.

தெற்கே போனால் குரல் இளைத்தது. ரயில் பாதைப் பக்கம் திரும்பினால் தடித்தது. எங்கள் வீட்டிலிருந்து நான்காவது தெருவில், ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குப் பக்கத்து வீட்டருகே, காதைப் பிளந்தது. நான் ரேடியோவை அணைத்தேன்.

"நாற்பத்தி ஒம்போது," என்றது குரல்.

மறுபடி பட்டனைப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது.

"அய்ம்பது. அரை சதம்," என்றது குரல், காம்பவுண்ட் சுவருக்கு மேலாக. கூட வந்த நான்கு பேரும் கை தட்டினார்கள்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே பனியனும் வேட்டியுமாக ஒரு பெரியவர், மேஜைக்கு முன்னால். மேஜை மேல் மூடியில்லாத தகரப் பெட்டியில் வால்வுகள் சிவப்பாக எரிந்தன. ஒரு கையில் மைக். இன்னொரு கை மஞ்சள் பைக்குள் இருந்தது. அவர் நிமிர்ந்தார். வாசலில் கறுப்புக் கண்ணாடி, துண்டு, கையில் நோட்டு. பக்கத்தில் ரேடியோவோடு ஒருவன். பின்னால் குடையோடு ஒரு பெண். அதற்குப் பின்னால் நான்கு சாட்சிகள். லைசென்ஸ் இல்லாமல் டிரான்ஸ்மிட்டர் வைத்திருக்கும் மனிதருக்கு இதைப் பார்த்தால் என்ன தோன்றும்?

அவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக் கத்தினார்: "ரெய்டு! ஆட்டம் ரத்து! எல்லாரும் சீட்டைக் கிழிச்சிப் போட்டுடுங்க! துன்னுடுங்க!"

சமையலறையிலிருந்து அவர் மனைவி ஓடிவந்து, மஞ்சள் பையைப் பறித்து, மேஜை மேல் எடுத்துவைத்திருந்த வில்லைகளோடு சேர்த்து அரிசி மாவு டின்னுக்குள் கவிழ்த்தார். பெரியவர் பெட்டி மேல் ஒரு ஜமுக்காளத்தைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். வால்வு சுடும்.

"இது ரேடியோ இல்லீங்க சார்," என்றார். "ஹீட்டரு."

கூட்டாளி கண்ணாடியைக் கழற்றினார். "ஏமி பயம் வேணாம் சார். மேடமுக்கு ஒக டிக்கெட்டு வேணும். அந்தே."

பெரியவருக்குப் புரிய நேரம் பிடித்தது. அவர் மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த அம்மா என் மனைவியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனார். இரண்டு பேரும் மாவு டின்னிலிருந்து வில்லைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். ஸ்கோர் கேட்க வந்த நான்கு பேருக்கும் மோர் கிடைத்தது.

கதை பிறகு வந்தது. பெரியவர் ரயில்வேயில் டெலிபோன் லைன் பார்த்து ரிட்டையர் ஆனவர். அவர் மனைவி முப்பது வருடம் குவாட்டர்ஸ் பெண்களுக்குத் தம்போலா நடத்தியவர். வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக ரிட்டையர் ஆக, ஆடினவர்கள் புத்தூர், நகரி, காளஹஸ்தி என்று சிதறிப்போனார்கள். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. நாற்பது நாள் தொடர்ந்து வெண்டைக்காய் மட்டும் சமைத்தாராம். நாற்பத்தோராம் நாள் பெரியவர் பழைய சாமான் கடைக்குப் போய் வால்வு வாங்கிவந்தார். சீட்டுகள் தபாலில் போகும். ஜெயித்தவர் அவரவர் ஊர் பூத்துக்கு ஓடி, இங்கே பக்கத்து பூத்துக்குப் போன் செய்ய வேண்டும். பூத்துக்காரர் சுவருக்கு மேலாகக் கத்துவார். பரிசு ஏதாவது ஒரு எவர்சில்வர் பாத்திரம். தோற்றவர்கள் முறை வைத்துக் கொடுக்க வேண்டும். ஒரே டிபன் கேரியர் நான்கு வருடத்தில் பதினோரு வீடு சுற்றியிருந்தது.

"ஆனா 'வீடு நிறைஞ்சுபோச்சு'ன்னு ஏன் சொன்னீங்க?" என்று கேட்டேன். "ஃபுல் ஹவுஸ்னு சொல்லலாமே."

"சர்க்காருக்கு சந்தேகம் வந்துடக் கூடாது பாருங்க," என்றார். "அதுக்காகத் தான் எல்லாத்தையும் மாத்தி, சாதாரணமா யாரோ பேசிக்கிற மாதிரி வெச்சேன்."

கூட்டாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை முதல் பாசஞ்சரில் புத்தூரிலிருந்து ஒரு அம்மா வந்து இறங்கினார். ரெய்டு என்று கேட்டதும் சீட்டைக் கிழித்துவிட்டாராம். கிழித்த பிறகு பார்த்தால், வீடு நிறைய ஒரே ஒரு எண்தான் பாக்கி. துண்டுகளைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி எடுத்து வந்திருந்தார். எங்களையும் வரச்சொல்லி ஆள் வந்தது. நாங்கள் போனபோது அவர் கூடத்தில் நின்று, "ரெய்டு பண்ண வந்தவங்க யாரு? எனக்கு அவங்களைப் பாக்கணும்," என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒர்க்‌ஷாப்புக்கு நேரமாகிவிட்டது என்றேன். "ஞாயித்துக்கெழமை," என்றாள் என் மனைவி.

வில்லைகள் மாவில் கலந்துவிட்டதால் எந்த எண் வந்தது, எது வரவில்லை என்று பெரியவருக்கே தெரியவில்லை. சந்திரகிரிக்கு ஆள் அனுப்பிக் கூட்டாளியை வரவழைத்தோம். அவர் நோட்டைப் பார்த்துத்தான் வந்த எண்களை ஒதுக்கினார்கள். மிச்சத்தைப் பையில் போட்டு ஆட்டத்தைத் தொடர்வதென்று அந்த வீட்டம்மா தீர்ப்புச் சொன்னார். ஆனால் ஆடுவதற்கு மற்ற யாரிடமும் சீட்டு இல்லை. காளஹஸ்தி அம்மா நிஜமாகவே தின்றுவிட்டிருந்தார். ஆக, புத்தூர் அம்மா ஒருவர்தான். அவர் தோற்பதற்கு வழியே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வில்லைக்கும் கண்ணை மூடிக்கொண்டார். பதினெட்டு வில்லை எடுத்தும் அவருடைய நாற்பத்து மூன்று வரவில்லை. "இன்னா கையி இது உன் கையி!" என்று பெரியவரைத் திட்டினார். பத்தொன்பதாவதாக வந்ததும் எழுந்து நின்று அழுதேவிட்டார். டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு, எங்களோடு ஒரு வார்த்தை பேசாமல், பத்து மணி பஸ்ஸுக்குப் போனார்.

அதற்குப் பிறகு என் மனைவி ஒழுங்கான சீட்டோடு வாரம் மூன்று நாள் ஆடினாள். அந்த நேரத்தில் ரேடியோ எனக்குக் கிடையாது. நான் ஊதல்காரனையும் ஐரோப்பியப் பெண்ணையும் மாலையில்தான் கேட்க முடிந்தது. கூட்டாளியும் சீட்டு வாங்கினார். கடைசி வரை ஒரு வரிசைகூட அவருக்கு அடிக்கவில்லை. பெரியவர் எண்களை ஏதோ முறை வைத்து எடுக்கிறார், அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று தனியாக ஒரு நோட்டுப் போட்டிருந்தார்.

ஸ்டேஷனை முடித்து வைத்தது சர்க்கார் இல்லை, கேபிள் டி.வி. எங்கள் பக்கத்துக்குக் கேபிள் வந்த வருடம், மதியம் மூன்று மணிக்கு ஒரு தெலுங்கு சீரியல் ஆரம்பித்தது. தெருவே பார்த்தது. பெரியவரின் பெட்டியிலிருந்து போகும் குரல் அந்தக் கேபிள் ஒயருக்குள்ளும் புகுந்துவிட்டது என்று யாருக்கும் தெரியாது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து டாக்டர் வெளியே வருகிறார். கதாநாயகி அவர் காலில் விழுந்து, "டாக்டர், என் புருஷன்?" என்று கேட்கிறாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, "எழுபத்தி ரெண்டு," என்கிறார். அடுத்த வாரம் கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் யாரோ, "மேல் வரிசை போச்சு," என்றார்கள். மூன்றாவது வாரம் மாமியாரின் குரலே போய், அவள் வாயிலிருந்து பெரியவர் இருமினார்.

அந்த இருமலைத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பதினைந்து பெண்கள் நேராக அவர் வீட்டுக்குப் போனார்கள். நானும் போயிருந்தேன். இந்தத் தடவை ரெய்டு நிஜமாகவே வந்திருந்தது, ஆனால் பெரியவர் அதை மைக்கில் சொல்லவில்லை. "அந்த டாக்டர் இன்னா சொன்னாருன்னு எங்களுக்கு இன்னி வரைக்கும் தெரியல," என்றார் எதிர்வீட்டு அம்மா. "அந்த ஆளு பொழைச்சானா, செத்தானா?"

பெரியவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "பொழைச்சிக்கினான். டாக்டரு சிரிச்சிக்கினே தானே சொன்னாரு," என்றார். அப்போதுதான் பெரியவருக்குத் தெரிந்தது, ஆட்டம் நடக்கும்போது சமையலறையில் சத்தத்தைக் குறைத்துவைத்து அந்த அம்மாவும் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார் என்று.

பெரியவர் எழுந்து போய்ப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்.